புதினா அடையாளம் இல்லை

1

என் வாப்பாவின் வெள்ளிக் காசைத் துலக்கிவிட்டார்கள்.

புளி போட்டுச் செம்பைத் தேய்ப்பதுபோலத் தேய்த்து, கண்ணாடிப் பெட்டிக்குள் நீல வெல்வெட் துணிமேல் படுக்க வைத்திருந்தார்கள். குனிந்து ஆண்டைப் படித்துப் பார்க்கும்வரை அது எங்கள் காசு என்றே எனக்குத் தெரியவில்லை. தெரிந்ததும் கோபம் பொங்கியது.

இது நடந்தது தேக்காவில், சிராங்கூன் சாலைக்குப் பின்னால் ஒரு கட்டடத்தின் மாடியில். இங்குள்ள நம்மவர்களின் சங்கம் ஒன்று, முன்னோர் சிங்கப்பூருக்கு வந்த கதையைச் சொல்லும் கண்காட்சி வைத்திருந்தது. அன்று திறப்பு விழா. வாப்பா மவுத்தாகி மூன்றாம் ஆண்டு ஃபாத்திஹா ஓதியது அந்த வாரம்தான். வாப்பாவின் காசு கண்ணாடிக்குள் இருப்பதைப் பார்த்துவிட்டு வரலாம் என்று பட்டுச்சேலை கட்டிக்கொண்டு போயிருந்தேன்.

காசுக்குப் பக்கத்தில் ஒரு விவர அட்டை. ஆங்கிலத்தில் இருந்ததை முதலில் படித்தேன். பழைய வெள்ளி டாலர், நாணயச்சாலைக் குறி இல்லை, காசிம் குடும்பத்தின் சேகரிப்பிலிருந்து, என்று இருந்தது. அதன் கீழே தமிழ்:

'வெள்ளி டாலர். புதினா அடையாளம்: இல்லை.'

நாகூரில் இருந்துகொண்டு இதைப் படிக்கிறவர்களுக்குச் சிரிப்பு வரலாம். காசு அடிக்கும் சாலைக்கும் ஆங்கிலத்தில் மின்ட், புதினாவுக்கும் மின்ட். கம்ப்யூட்டரில் போட்டு மொழிபெயர்த்து, தமிழ் தெரிந்த ஒருவர்கூடப் படித்துப் பார்க்காமல் அச்சடித்திருக்கிறார்கள். தமிழ் ஆட்சிமொழியாக இருக்கும் நாட்டில், தமிழ்ச் சங்கத்தின் கண்காட்சியில், தமிழுக்கு இந்தக் கதி. எனக்கும் வேறொரு நாள் என்றால் சிரிப்பு வந்திருக்கும்.

கண்காட்சிக்குத் தலைவர் என் கணவரின் பெரியப்பா மகன், ஹமீது மச்சான். கோட்டு போட்டு, வாசலில் நின்று விருந்தினர்களை வரவேற்றுக்கொண்டிருந்தார். நேரே போனேன்.

"மச்சான், காசை யார் தேச்சது?"

"பார்த்தியா? சூப்பரா இருக்குல்ல?"

"யார் தேய்க்கச் சொன்னது?"

"ஜமீலா, இப்ப வேணாம் லா. சீஃப் கெஸ்ட் கீழ வந்துட்டாரு. அப்புறம் பேசலாம்."

என் கணவர் பின்னாலிருந்து என் முழங்கையைத் தொட்டார். "விடேன், வீட்ல போய்ப் பேசிக்கலாம்." எனக்கு இந்த ஊரில் அதிகம் சொல்லப்பட்ட வார்த்தை அந்த 'விடேன்'தான். அன்றும் விட்டேன். சீஃப் கெஸ்ட் வந்தார், நாடா வெட்டினார், எங்கள் காசுக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்.

2

அந்தக் காசைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

ஒரு பக்கம் கையில் முச்சூலமும் கேடயமும் பிடித்து நிற்கும் ஒரு பெண், பின்னால் கடலில் ஒரு கப்பல். மறுபக்கம் சீன எழுத்து, அதோடு அரபு எழுத்தில் மலாய். சின்ன வயதில் ஓதப்பள்ளிக்குப் போனவள் என்பதால் எழுத்துக்கூட்டி 'சாத்து ரிங்கிட்' என்று படித்துவிட்டேன். ஒரு ரிங்கிட் என்று அர்த்தம் என்பது சிங்கப்பூருக்கு வந்தபிறகுதான் தெரிந்தது. வெள்ளைக்காரன் காலத்தில் இந்தப் பக்கத்துத் துறைமுகங்களில் எல்லாம் ஓடிய காசு. அதில் பெரும்பாலானவற்றை அடித்தது பம்பாயிலும் கல்கத்தாவிலும். பம்பாயில் அடித்ததற்கு அடையாளம், சூலத்தின் நடு முனையில் ஒரு ஆங்கில B. எறும்பின் தலையளவுகூட இருக்காது. காசு கைமாறக் கைமாற முதலில் தேய்ந்து போவதும் அதுதான்.

வாப்பாவின் பாட்டனார் பம்பாய் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். புதுக்காசு நிரப்பிய பெட்டிகளைக் கப்பலில் ஏற்றும் வேலையும் செய்திருக்கிறார். பிறகு அவரே ஒரு கப்பலில் ஏறிச் சிங்கப்பூர் வந்து, ஆற்றங்கரையில் தோணிகளுக்குச் சுமை தூக்கினார். முதல் கூலியில் வந்த காசைத் திருப்பிப் பார்த்தால் அந்த எழுத்து. அங்கே நாம் ஏற்றிவிட்டது இங்கே நம் கைக்கு வந்திருக்கிறது என்று சிரித்தாராம். அதைச் செலவழிக்கவே இல்லை. ஊர் திரும்பும்போது கொண்டுவந்தது அது ஒன்றுதான் என்பார் வாப்பா.

வாப்பா நாகூரில் சைக்கிள் கடை வைத்திருந்தார். இந்தக் கதையைச் சொல்லாத ஆள் இல்லை. கேட்டவர்கள் காசை வாங்கிப் பார்ப்பார்கள். "எழுத்தும் இல்லை, ஒண்ணும் இல்லை. உங்க பாட்டனார் நல்லா அளந்திருக்காரு" என்று சொந்தக்காரர்களே சொன்னதுண்டு. வாப்பா கோபப்பட மாட்டார். காசை வாங்கிக்கொண்டு ஜன்னலுக்குப் போவார். காலை வெயில் பக்கவாட்டில் விழும்படி சாய்த்துப் பிடிப்பார். அப்போது மட்டும் தெரியும். முழு B இல்லை. மேல் வளைவு போய்விட்டது. நேர்க்கோடும் கீழ் வளைவும் ஒரு மயிரிழை நிழலாக எழும்பி நிற்கும். காசை நிமிர்த்தினால் மறைந்துவிடும்.

பார்க்கப் பொறுமை உள்ளவர்கள் குறைவு. நான் பார்த்திருக்கிறேன். பலமுறை பார்த்திருக்கிறேன். கடைசியாக வாப்பா இங்கே செங்காங் வீட்டுக்கு வந்து தங்கியபோது, காசை என் கையில் கொடுத்து, "இது வந்த ஊருக்கே வந்துடுச்சு, நீயே வச்சுக்க" என்றார். என் மகள் நஸ்ரின் அப்போது உயர்நிலைப் பள்ளியில் இருந்தாள். சோபாவில் காலை மடக்கி உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

3

நான் கல்யாணமாகி இங்கே வந்து இருபத்துச் சொச்சம் வருடமாகிறது. குடியுரிமை வாங்கியாயிற்று. புக்கிட் பாத்தோக்கில் ஒரு சரக்குக் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். ஆனாலும் புகுந்த வீட்டாருக்கு நான் 'ஊர்லேர்ந்து வந்தவ'.

ஹமீது மச்சான் குடும்பம் மூன்று தலைமுறையாக இங்கே இருக்கிறது. அவருடைய பாட்டனார் காசிம், என் கணவருக்கும் பாட்டனார், தேக்காவில் மளிகைக் கடை வைத்தவர். அதை மச்சான் ஒரு பட்டம்போலச் சொல்லிக்கொள்வார். "நாங்க கப்பல்ல வந்தவங்க. நீங்கல்லாம் ஏர் இந்தியா" என்பது பெருநாள் விருந்துகளில் அவர் எப்போதும் விடும் நகைச்சுவை. எல்லாரும் சிரிப்பார்கள். நானும் பிரியாணித் தட்டோடு நின்று சிரித்திருக்கிறேன்.

உண்மையில் என் வாப்பாவின் பாட்டனார் சிங்கப்பூர் ஆற்றில் சுமை தூக்கியது, காசிம் ராவுத்தர் கடை போடுவதற்கு முன்னால். எங்கள் ஆள் திரும்பிப் போனார், அவர்கள் ஆள் தங்கினார். வித்தியாசம் அவ்வளவுதான். இதைச் சொன்னால், "அதுக்கு ஏதும் ப்ரூஃப் இருக்கா?" என்று கேட்பார். ஒரு தடவை கேட்டே விட்டார்.

இந்த நாட்டில் என் பெயரோடு வாப்பா பெயரும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நம் ஊரில் முன்னெழுத்தாக இருந்ததை இங்கே பாஸ்போர்ட்டில் விரித்து எழுதப்போய், எது என் பெயர் எது வாப்பா பெயர் என்று யாருக்கும் தெரிவதில்லை. பாலிகிளினிக்கில் "அப்துல் மஜீது" என்று கூப்பிடுவார்கள், நான் எழுந்து போவேன். முதலில் எரிச்சலாக இருந்தது. வாப்பா போனபிறகு, இந்த ஊரில் அவர் பெயரை வாய்விட்டுச் சொல்கிற ஒரே இடம் அதுதான் என்று தோன்றி, திருத்துவதை நிறுத்திவிட்டேன்.

கண்காட்சிக்குப் பொருள் வேண்டும் என்று சங்கம் கேட்டபோது, பல்கலைக்கழகத்தில் படிக்கும் நஸ்ரின் அதில் தொண்டூழியராக இருந்தாள். "மா, தாத்தாவோட காயின் கொடுப்போமா? I'll write the story" என்றாள். அவள் தமிழில் பேச ஆரம்பித்து ஆங்கிலத்தில் முடிப்பவள். ஆனாலும் அவளாகக் கேட்டாளே என்று எனக்குச் சந்தோஷம். வாப்பாவின் பெயர், பாட்டனாரின் பெயர், பம்பாய், தோணி எல்லாம் சொன்னேன். அவளும் எழுதினாள். அட்டையில் அதில் ஒரு வரிகூட இல்லை.

4

திறப்பு விழாவுக்கு அடுத்த நாள் குவீன்ஸ்டவுனில் மச்சான் வீட்டுக்குப் போனேன். என் கணவரும் வந்தார், நான் ஏதாவது பேசிவிடுவேன் என்று பயந்து. நஸ்ரினும் வந்தாள்.

மச்சான் தேநீர் கொடுக்கச் சொல்லிவிட்டு ஆரம்பித்தார். "படம் எடுக்கிறவன் சொன்னான், காசு கறுத்துப் போய் சாக்கடையிலேர்ந்து எடுத்த மாதிரி இருக்குன்னு. தெரிஞ்ச நகைக்கடையில குடுத்தேன். மெஷின்ல போட்டு அஞ்சு நிமிஷத்துல குடுத்துட்டான். உனக்கு நல்லதுதானே செஞ்சேன்?"

"அதுல ஒரு எழுத்து இருந்துச்சு மச்சான். சூலத்துல. இப்ப இல்ல."

"எந்த எழுத்து? யாருமே பார்க்கலையே. நான் லென்ஸ் வச்சுப் பார்த்தேன், ஒண்ணும் இல்ல. அதான் இல்லன்னு போடச் சொன்னேன்."

"தேய்க்கிறதுக்கு முன்னாடி பார்த்தீங்களா, பின்னாடி பார்த்தீங்களா?"

அவர் பிஸ்கட் தட்டை என் பக்கம் தள்ளினார்.

"சரி, காசிம் குடும்பம்னு எதுக்குப் போட்டீங்க? அது என் வாப்பாவோடது."

"நீ காசிம் குடும்பம் இல்லையா? கட்டிக்கிட்டு வந்துட்டா நம்ம குடும்பம்தானே. ஒவ்வொரு பொருளுக்கும் ஒவ்வொரு பேரு போட முடியுமா? இது சிங்கப்பூர் முன்னோடிகளைப் பத்தின கண்காட்சி ஜமீலா. உங்க ஆளு கூலிக்கு வந்துட்டுத் திரும்பிப் போயிட்டாருன்னுதானே சொல்றே?"

அந்த நேரத்தில் என் கணவர் ஏதாவது சொல்வார் என்று பார்த்தேன். அவர் தேநீரை ஊதிக்கொண்டிருந்தார்.

திட்டமிட்டுச் செய்திருந்தால்கூட இவ்வளவு கோபம் வந்திருக்காது. ஒருவன் நம்மை ஒழிக்க நினைத்தால், நாம் அவன் கண்ணில் இருக்கிறோம் என்று அர்த்தம். இவருக்கு நாங்கள் கண்ணிலேயே படவில்லை. ஒரு மனிதன் பம்பாயில் தூக்கிய பாரம், சிங்கப்பூரில் தூக்கிய பாரம், அவன் பேரன் வாழ்நாள் முழுக்கச் சிரிப்புக்கு ஆளாகியும் விடாமல் சொன்ன பேச்சு, அத்தனையையும் ஐந்து நிமிடத்தில் தேய்த்துவிட்டு, நல்லதுதானே செய்தேன் என்று கேட்கிறார்.

"காசு எனக்கு வேணும். இன்னைக்கே" என்றேன்.

"கண்காட்சி நடக்குது..."

"இன்னைக்கே."

மச்சான் என் கணவரைப் பார்த்தார். என் கணவர் கோப்பையைக் கீழே வைத்தார். "குடுத்துருங்க காக்கா" என்றார் மெதுவாக. இருபது வருடத்தில் அவர் அண்ணனிடம் எனக்காகச் சொன்ன முதல் வார்த்தை. அதற்காக நன்றி சொல்லும் மனநிலையில் நான் இல்லை.

5

காசு வந்த வாரமே, பழைய நாணயம் விற்கும் ஒரு கடைக்கு நஸ்ரினோடு போனேன். ஒரு ஷாப்பிங் மாலின் மூன்றாம் தளத்தில் சின்னக் கடை. கடைக்காரர் வயதான சீனர். காசைக் கையில் வாங்கியதுமே முகம் சுளித்தார். ஆங்கிலத்தில்தான் கேட்டார்: "ஆண்ட்டி, இதை யார் பாலிஷ் பண்ணினது?"

"சொந்தக்காரர்."

தலையை ஆட்டிக்கொண்டே விளக்கை இழுத்துவைத்து, லென்ஸைக் கண்ணில் பொருத்தி வெகுநேரம் பார்த்தார். காசு அசல்தான் என்றார். சில காசுகளில் அடிக்கும்போதே குறி சரியாக விழாது, சிலதில் புழங்கிப் போயிருக்கும், சிலதில் இருக்கவே இருக்காது. இதில் சூலத்தின் முனையே மழுங்கிவிட்டது. "இருந்திருக்கலாம். இல்லாமலும் இருந்திருக்கலாம். இனிமேல் யாராலும் சொல்ல முடியாது."

"நான் பார்த்திருக்கிறேன்" என்றேன்.

"நான் உங்களை நம்பறேன்" என்றார். அந்த மனிதர் நல்லெண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் வாப்பாவுக்கு யாருடைய நம்பிக்கையும் தேவைப்பட்டதில்லை. ஜன்னல் பக்கம் கூப்பிட்டு, பார் என்று காட்ட முடிந்தது அவரால். எனக்கு அது இல்லை. இனிமேல் நானும் கதை அளக்கிறவள்தான்.

நஸ்ரின் கண்காட்சிக்காக எடுத்த படங்களை எல்லாம் தேடிப் பார்த்தோம். துலக்குவதற்கு முன் எடுத்தவையும் இருந்தன. எல்லாம் நேர் வெளிச்சத்தில் எடுத்தவை. கறுத்த காசு, கறுத்த சூலம். எழுத்து விழவில்லை.

திரும்பும்போது ரயிலில் அவள்மேல் எரிந்து விழுந்தேன். "நீயும் அங்கதானே இருந்தே? தேய்க்கக் கொண்டு போனப்ப சொல்ல வேண்டியதுதானே? தாத்தா காட்டுனப்ப ஒரு தடவை தலையைத் தூக்கிப் பார்த்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

"கொண்டு போனது எனக்குத் தெரியாதும்மா. ஹமீது பெரியத்தா சொல்லவே இல்ல." பிறகு சொன்னாள்: "And I did look. தாத்தா காட்டுனப்ப நான் பார்த்தேன்."

என்னைச் சமாதானப்படுத்தச் சொல்கிறாள் என்று நினைத்தேன். "என்ன பார்த்தே?"

"சிக்ஸ் மாதிரி இருந்துச்சு. நான் சிக்ஸ்னுதான் சொன்னேன். தாத்தா சிரிச்சுட்டு, இல்ல, இது B, மேல உள்ள வயிறு தேஞ்சு போச்சுன்னாங்க."

நான் இதை அவளிடம் சொன்னதே இல்லை. மச்சானிடமும் எழுத்து இருந்தது என்றுதான் சொன்னேன், எப்படி இருந்தது என்று சொல்லவில்லை. என் பிள்ளை எனக்குத் தெரியாமல் என் வாப்பாவோடு ஜன்னல் பக்கம் நின்றிருக்கிறாள். எங்கள் செங்காங் நிறுத்தத்தைத் தாண்டிப் பொங்கோலுக்கே வந்துவிட்டோம் என்று அவள்தான் கவனித்தாள்.

6

சங்கத்துக்கு மின்னஞ்சல் எழுதினேன். அட்டையை மாற்ற வேண்டும், காசு யாருடையது என்று போட வேண்டும், குறி இருந்தது, துலக்கியதில் அழிந்தது என்றும் போட வேண்டும். உங்கள் கருத்துக்கு நன்றி என்று பதில் வந்தது. மறுபடி எழுதினேன். உள்ளடக்கத் துணைக்குழுவுக்கு அனுப்பியிருப்பதாக வந்தது. துணைக்குழு யார் என்று கேட்டேன். தலைவர் ஹமீது மச்சான்.

கடைசியாக வந்த பதில் நீளமானது. மொழிபெயர்ப்புப் பிழையைச் சுட்டிக்காட்டியதற்கு மனமார்ந்த நன்றி, 'நாணயச்சாலைக் குறி' என்று திருத்தப்பட்டுவிட்டது. மற்றபடி, சரிபார்க்கக்கூடிய தகவலை மட்டுமே வெளியிட இயலும். அதைச் சரிபார்க்க முடியாமல் ஆக்கியவர்களே இதை எழுதுகிறார்கள். நான் அதை அலுவலகத்தில் படித்தேன். பக்கத்து மேசைக்காரி, "அக்கா, உடம்பு சரியில்லையா?" என்று தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

காசு என்னிடம் இருந்தாலும் அதன் படம் அவர்களிடம் இருந்தது. கண்காட்சி தேக்காவில் முடிந்து, தீவு முழுக்கச் சமூக மன்றங்களுக்குப் போக ஆரம்பித்தது. பளபளக்கும் காசின் படம் ஆளுயரப் பலகையில், கீழே அதே வரிகள். புக்கிட் பாத்தோக்கில் என் அலுவலகத்துக்குப் பக்கத்து மன்றத்துக்கே வந்தது. ஒரு சனிக்கிழமை பகலில் நஸ்ரினைக் கூட்டிக்கொண்டு போனேன்.

மேல்மாடியில் யாரோ ஸும்பா ஆடிக்கொண்டிருந்தார்கள். கீழே பலகைகள் வரிசையாக நின்றன. எங்கள் பலகைக்கு முன்னால் ஒரு தமிழ்க் குடும்பம், தாயும் தகப்பனும் தள்ளுவண்டியில் ஒரு குழந்தையும். அந்தத் தகப்பன் வாய்விட்டுப் படித்தார். "நாணயச்சாலைக் குறி: இல்லை. காசிம் குடும்பம்." படித்துவிட்டு அடுத்த பலகைக்கு நகர்ந்தார். அவ்வளவு சுலபமாக ஒரு பொய் உண்மையாகிவிட்டது.

கைப்பையில் அலுவலகத்தில் பெட்டிகள்மேல் எழுதும் மார்க்கர் இருந்தது. எடுத்தேன். 'இல்லை' என்பதை அடித்தேன். பக்கத்தில் எழுதினேன்: 'இருந்தது. துலக்கி அழித்துவிட்டார்கள்.' காசிம் குடும்பத்தையும் அடித்துவிட்டு, 'நாகூர் அப்துல் மஜீதின் காசு. அவர் பாட்டனார் சிங்கப்பூர் ஆற்றில் சுமை தூக்கிப் பெற்றது' என்று எழுதினேன்.

"மா, கேமரா இருக்கு" என்றாள் நஸ்ரின், மேலே பார்த்து.

"இருக்கட்டும்."

இந்த ஊரில் சுவரில் கிறுக்கினாலே அபராதம், சிறை என்று போகும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவளுக்கு இன்னும் நன்றாகத் தெரியும், இங்கேயே பிறந்தவள். மார்க்கரை என் கையிலிருந்து வாங்கினாள். மூடி கைப்பையில் போடப் போகிறாள் என்று நினைத்தேன். ஆங்கில வரிகளுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, என்னைவிட அழகான எழுத்தில், தேர்வு எழுதுவதுபோல நிதானமாக எழுத ஆரம்பித்தாள். மேல் வளைவு தேய்ந்த B, பார்ப்பதற்கு ஆறு மாதிரி இருக்கும் என்பதையும் சேர்த்தே எழுதினாள். அந்தக் குடும்பம் திரும்பி வந்து எங்கள் பின்னால் நின்று படித்தது.

மறுநாள் காலை மச்சான் போன் செய்தார். குரலை அடக்கிக்கொண்டு பேசினார். "பலகையில கிறுக்கியிருக்காங்களாம். மன்றத்துலேர்ந்து கூப்பிட்டாங்க. போலீஸுக்குச் சொல்லணுமான்னு கேக்குறாங்க. யார் பண்ணினதுன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும் மச்சான்" என்றேன். "தமிழ்ல எழுதுனது நான். இங்கிலீஷ்ல எழுதுனது அப்துல் மஜீது பேத்தி. ரெண்டு பேரு பேரையும் சொல்லுங்க, முழுசாச் சொல்லுங்க."